யானைக்கு ஆறாவது வளையம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள், அரை அங்குல பி.வி.சி. குழாயிலிருந்து அறுத்தெடுத்த சாம்பல் நிற வளையங்கள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. பாதி வளையங்களின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். மீதியின் விளிம்பில் மூன்று பள்ளங்களை அரத்தால் வெட்டியிருக்கிறேன். சமூகப் பணியில் முதுகலை முடித்தவள் நான். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோராலும் தடையின்றி நுழைய முடிகிறதா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது என் தொழில். நான் எழுதிய அறிக்கைகளில் எத்தனை ஒரு சாய்தளமாகவோ கைப்பிடியாகவோ மாறின என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. இந்த வளையங்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நாங்கள் மூவர் தஞ்சாவூரில் ஒரு நகலகத்தின் மாடி அறையில் கூடிப் போர் நடத்துவோம். கட்டைவிரல் உயரப் படைவீரர்களையும் குதிரைகளையும் பீரங்கிகளையும் யானைகளையும் மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி அடியையும் பிழைப்பையும் தீர்மானிக்கும் விளையாட்டு அது. இருவர் ஆடுவார்கள், மூன்றாமவர் விதிப் புத்தகத்தோடு நடுவில் உட்காருவார்.

நகலகத்தின் உரிமையாளர் கூத்தாநல்லூர்க்காரர், ஐம்பதைக் கடந்தவர். சிங்கப்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பியபோது, உறவினர்கள் எதிர்பார்த்த பொருள்களுக்கு நடுவே இரண்டு பெட்டி நிறையப் பொம்மைப் படைகளையும் கொண்டுவந்தவர். எங்களுக்கு அவர் பாய். இன்னொருவர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயி. வேளாண்மையில் பட்டம் பெற்று, சொந்த நிலத்தோடு குத்தகை நிலத்தையும் சேர்த்துச் சாகுபடி செய்பவர். பாய் அவரை மாப்ள என்பார். அவர் என்னை மேடம் என்பார்; சாதாரணப் பேச்சிலும் நான் கூட்டத்தில் பேசுவதுபோலவே பேசுகிறேனாம்.

மூவரில் சிறந்த தளபதி அந்த விவசாயிதான். முதல் நாள் நான் செய்து வைத்த போர்க்களத்தைப் பார்த்ததுமே ஒரு பிழையைப் பிடித்தார்.

"மேடம், இந்த வாய்க்கா எங்க போகுது?"

"இந்த ஓரமா வந்து, அந்த மேட்டைத் தாண்டி..."

"மேட்டைத் தாண்டியா? மோட்டார் வச்சிருக்கீங்களா?"

அன்று வாய்க்காலைப் பெயர்த்துப் பள்ளத்துக்கு மாற்றினேன். தண்ணீர் போகும் வழியை அறிந்தவருக்குக் குதிரைப்படை போகும் வழியும் தெரிந்திருந்தது. எங்கே தாமதிக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் அவரை விஞ்ச எங்களால் முடிந்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தவறினார். எங்கள் விதிப்படி ஒரு யானைக்கு இரண்டு வகைச் சேதம் உண்டு. ஒன்று காயம், ஆறு காயம் பட்டால் யானை விழும், பட்ட காயம் ஆறாது. மற்றது மிரட்சி, யானையைப் பின்னால் நிறுத்தி ஒரு முறை ஓய்வு கொடுத்தால் ஒரு மிரட்சி நீங்கும். வளையல் கடையில் வாங்கிய கண்ணாடி மணிகளால் இவற்றைக் குறித்தோம். சிவப்பு மணி காயம், பச்சை மணி மிரட்சி. முதல் முறை, யானைக்கு ஓய்வு கொடுத்த அந்த விவசாய நண்பர், பச்சை மணிக்குப் பதிலாகச் சிவப்பு மணியை எடுத்துவிட்டார்.

"என்ன மாப்ள, வைத்தியம் பாக்காமலே காயத்தை ஆத்திட்டீங்க?" என்றார் பாய்.

"கவனிக்கல பாய்" என்று அவர் அதைத் திரும்ப வைத்தார்.

இரண்டாம் முறை சிரித்தோம். மூன்றாம் முறை, பாயின் வெற்றி ஒரே ஒரு காயத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பாய் சிரிக்கவில்லை. "இது கள்ளாட்டம் மாப்ள" என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மறுபாதி எல்லோருக்கும் கேட்டது. நண்பர் மணியை வைத்துவிட்டு, மீதி ஆட்டத்தை ஆடி முடித்தார்.

கிளம்பும்போது மணிப் பை தவறி மேசைமேல் கொட்டியது. எங்கள் மேசைவிரிப்பு பச்சை. நடவு முடிந்த வயலின் பச்சை. நான் பச்சை மணிகளைப் பொறுக்க, அவர் சிவப்பு மணிகளுக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை மணிகளிடம் நேராகப் போகவில்லை. மின்சாரம் போன அறையில் தீப்பெட்டியைத் தேடுபவரைப்போல உள்ளங்கையை விரிப்பின்மேல் பரப்பித் தடவினார். பட்டப்பகல் வெளிச்சத்தில், இரத்தச் சிவப்பில் பன்னிரண்டு மணிகள் அவர் கண்ணுக்கு முன்னால் கிடந்தன.

எத்தனையோ கட்டடங்களில் யாருக்கு எது தடை என்று தேடிக் குறித்தவள் நான். எங்கள் மேசையில் ஓராண்டுக்கு மேலாக இருந்த தடையைக் குறிக்கவில்லை. சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லையா என்று மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, மறுக்க முடியாதபடி நான் கேட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை.

"ரயில்வேல எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணி மெடிக்கலுக்குப் போனேன் மேடம். புள்ளி புள்ளியா ஒரு புத்தகத்தைக் காட்டுனாங்க. எல்லாருக்கும் அதுல நம்பர் தெரிஞ்சுது. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது."

"வயல்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"உரம் போடறதுக்கு இலை எவ்வளவு பச்சைன்னு வண்ண அட்டையோட ஒப்பிட்டுப் பாக்கணும்ல, அதை வீட்ல பாத்துச் சொல்லிடுவாங்க. அவங்களுக்குத் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும். அதோட நிறுத்திக்குங்க."

"பாய் உங்களைத் தப்பா நினைச்சுக்கிட்டிருக்காரே?"

"நினைக்கட்டும். கள்ளாட்டக்காரன்னு சொன்னா கோவம்தான் வரும். பாவம்னு பாத்தா அப்புறம் ஆட வரமாட்டேன்."

அடுத்த ஞாயிறு நான் செய்த தவறை இங்கே மறைக்க விரும்பவில்லை. வெள்ளை அட்டையில் வட்டங்கள் வெட்டி, காயத்துக்குக் "கா" என்றும் மிரட்சிக்கு "மி" என்றும் தடித்த எழுத்தில் எழுதி, அவருடைய படைப்பக்கம் மட்டும் அடுக்கி வைத்தேன். நல்ல எண்ணத்தோடுதான் வைத்தேன். பாய் பார்த்தார். "அவருக்கு மட்டும் ஏன் தனி?" என்று கேட்டார். நான் அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன். நண்பர் அதைக் கவனித்தார். அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஊரில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. நடவு என்று செய்தி அனுப்பினார். நாற்றங்காலே அந்த வாரம்தான் விட்டிருந்தார் என்பதை நான் அறிவேன்.

அப்போது திருச்சியில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு எங்கள் அணியின் பெயர் பதிவாகியிருந்தது. பதிவுப் படிவத்தில் "சிறப்புத் தேவை ஏதேனும் உண்டா?" என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் அதில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். அவர் வராவிட்டால் அணி இல்லை. அது எனக்குப் பெரிய கவலையாக இல்லை. ரயில்வே அவரைத் திருப்பி அனுப்பியதைப்போல என்னுடைய மேசையும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டதோ என்பதுதான் உறுத்தியது.

மூன்றாம் ஞாயிறு பேருந்து ஏறி அவருடைய ஊருக்குப் போனேன். மோட்டார் கொட்டகையில், மாட்டுத் தொட்டிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்றார், வேலையை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் யோசித்து வைத்திருந்த மாற்றுவழியைச் சொன்னேன். காயத்துக்கு நெல்மணி, மிரட்சிக்கு உளுந்து. இரண்டையும் தொட்டே அறியலாம், எல்லோருக்கும் ஒரே குறிகள், செலவும் இல்லை.

அவர் நிமிர்ந்தார். "நெல்லைச் சாவுக் கணக்குக்கு வைக்காதீங்க மேடம்."

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் மீண்டும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. வரப்போவதில்லை என்றால் எதை வைத்தால் அவருக்கு என்ன?

ஆக்சா பிளேடால் குழாயின் நுனியைச் சமன்செய்தார். அறுந்த வளையம் தரையில் விழுந்து உருண்டு என் காலருகே நின்றது. எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தேன். ஒரு விரல் தளர்வாக நுழையும் அளவு. என் கையிலிருந்த பென்சிலில் மாட்டினேன். சரிந்து அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று கேட்டேன். அறுத்துக் கொடுத்தார். முதலாவதன் மேல் இரண்டாவது ஏறி நின்றது.

"பாய்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"மணி உருண்டு தொலையுதுன்னு சொல்லுவேன். உருளுதே."

"பொய் இல்லதான்" என்றார். வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, "மிரட்சிக்கு விளிம்புல வெட்டு விடலாம். ஒண்ணு போதாது, விரல்ல சிக்காது. மூணு விடுங்க" என்றார். பிறகு தானே அரத்தை எடுத்தார். கிளம்பும்போது, அறுத்தவற்றை உள்ளங்கையில் அள்ளி, ஒவ்வொன்றாக என் பையில் போட்டு எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." எனக்கு அந்த எண்ணிக்கையில் விசேஷமாக எதுவும் படவில்லை. எங்கள் வீட்டிலும் நெல்லை அப்படித்தான் அளப்போம்.

மீதியை நான் வீட்டில் அறுத்தேன். பிளாஸ்டிக் தூள் காற்றில் பறக்காதபடி ஈரத்துணியை விரித்து, தூளைத் திரட்டித் தனியே கட்டிவைத்தேன். இந்த எச்சரிக்கையைப் பாய் இன்றும் கேலி செய்வதுண்டு. ஒவ்வொரு வளையமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். அப்போதுதான் அடுக்கின் உயரத்தைப் பார்த்தே எதிரில் நிற்பவர் எண்ணிக்கையை ஊகிக்க முடியும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட மரத்துண்டுகளில் துளையிட்டு, பென்சில் துண்டுகளைப் பசை தடவி நட்டேன். யானைக்கு ஒரு முளை, பீரங்கிக்கு ஒரு முளை. நான்கு மாலைகள் பிடித்தன. முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகத் தொட்டு எண்ணினேன். ஒரு முறையும் தவறவில்லை. செய்த வேலை நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; அப்படிச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

பாய் ஒரு வளையத்தை உருட்டிப் பார்த்து, "மணியே அழகா இருந்துச்சு" என்றார். ஆனால் அன்றைய ஆட்டத்தின் முடிவில், "இதுல யாரும் வைத்தியம் பாக்க முடியாது போலருக்கே" என்றும் சொன்னார். அது நண்பருக்கான குத்து. நண்பர் சிரித்துக்கொண்டே அன்று பாயின் இரண்டு யானைகளையும் வீழ்த்தினார்.

திருச்சியில் ஒரு மண்டபத்தில் போட்டி. அமைப்பாளர்கள் மேசைக்கு ஒரு டப்பா வைத்திருந்தார்கள்; உள்ளே சிவப்பு, பச்சை அக்ரிலிக் வில்லைகள். சொந்தக் குறிகளைப் பயன்படுத்தலாமா என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். எதிராளி சம்மதித்தால் சரி என்று பதில் வந்திருந்தது. நண்பரின் எதிராளி, சென்னையிலிருந்து வந்த கணினித் துறை இளைஞர், வளையங்களைப் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்குங்க, வச்சுக்கலாம்" என்றார். நானும் பாயும் அடுத்தடுத்த மேசைகளில் ஆடிக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் பாதி கடந்திருக்கும். நண்பரின் பீரங்கிகள் அந்த இளைஞரின் பெரிய யானையைக் குறிவைத்திருந்தன. ஒரு சுற்று முடிந்ததும் நண்பர் அதன் முளையைத் தொட்டு உரக்க எண்ணினார். எதிராளி குனிந்து, கேட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் தன் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அடுத்த சுற்றில் இன்னொரு அடி பட்டது. நண்பர் ஒரு வளையத்தை மாட்டி, "ஆறு. யானை விழுந்துடுச்சுங்க" என்றார்.

"ஆறா? என் நோட்ல அஞ்சுதான் வருது."

"எண்ணிப் பாருங்க. ஆறு வளையம் இருக்கு."

"இப்ப இருக்கு. நடுவுல ஒண்ணு ஏறியிருக்கு."

குரல் உயரவில்லை. ஆனாலும் பக்கத்து மேசைகளில் பகடை உருட்டுவது நின்றுவிட்டது. நடுவர் வந்தார், பொறுமையானவர். இருவரிடமும் கேட்டார், நோட்டைப் பார்த்தார், பிறகு நியாயமாகத் தோன்றக்கூடிய தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். யானைக்கு ஐந்து காயம் என்றே வைத்துக்கொள்ளலாம். குழப்பம் வராமலிருக்க, இனி இருவரும் மண்டபத்து வில்லைகளையே பயன்படுத்தட்டும். சொல்லிக்கொண்டே அந்த டப்பாவைத் திறந்து நண்பர் முன்னால் வைத்தார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உரிமை, சமவாய்ப்பு என்று என் வாயில் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. நண்பர் என்னைப் பார்த்து, மேசைக்கு மேலே உள்ளங்கையை லேசாகத் தாழ்த்திக் காட்டினார். வண்டியைக் கொஞ்சம் நிறுத்து என்பதற்கு வயல்வெளியில் காட்டும் சைகை. நான் உட்கார்ந்தேன். அன்று நான் செய்தவற்றில் சரியானது அதுதான்.

"சார், இதை எடுத்துக்குங்க" என்றார் நண்பர், டப்பாவைத் தள்ளி. "சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். பிறவியிலேருந்து அப்படித்தான். இந்த வில்லையக் கொடுத்தீங்கன்னாதான் தப்பு நடக்கும். வளையத்துல நான் தப்பு பண்ணமாட்டேன்."

மண்டபத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். பாய் தன் கையிலிருந்த பகடைகளைக் கீழே வைத்தார்.

எதிராளியின் முகம் மாறியது. "ஐயோ, நான் அதுக்குச் சொல்லலைங்க. நீங்க எண்ணுனீங்கல்ல, அதைக் கேட்டுத்தான் கோடு போட்டேன். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நாலு கோடு. முதல்ல என்னமோ லாபம்னீங்க, சரி, ஜெயிக்கிற சந்தோஷத்துல சொல்றீங்கன்னு விட்டுட்டேன்."

நண்பர் அவரையே பார்த்தார். "அதுதாங்க ஒண்ணு."

"எது?"

"லாபம்தான் ஒண்ணு. நாங்க ஒண்ணுன்னு சொல்றதில்ல. நெல் அளக்கையில முதல் மரக்காலைப் போடும்போது லாபம்னுதான் ஆரம்பிப்போம். அப்புறம் ரெண்டு, மூணு."

"அப்ப என் யானை அடிபட்டதுதான் உங்களுக்கு லாபமா?"

நண்பர் முளையைக் கையில் எடுத்தார். "இவ்வளவு நாளா யோசிச்சதில்லைங்க. சொல்லிப் பாத்தா சரியாத்தான் இருக்கு."

நடுவர்தான் முதலில் சிரித்தார். எதிராளி நோட்டில் விட்டுப்போன கோட்டைப் போட்டு, தன் யானையைத் தானே எடுத்துப் படுக்க வைத்தார். பிறகு முளையைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வளையங்களைத் தொட்டு எண்ணினார். "லாபம், ரெண்டு..." என்று அவர் எண்ணிய விதம் வங்கி வரிசையில் எண் கூப்பிடுவதுபோல இருந்தது. ஆனாலும் ஆறில் முடிந்தது. "மிச்ச ஆட்டத்துக்கும் இதையே வச்சுக்கலாங்க" என்று நடுவரிடம் சொன்னார். வில்லை டப்பாவை நடுவர் எடுத்துப்போனார்.

அந்த இளைஞரின் அணியை வென்றோம். அடுத்த அணியிடம் நன்றாகவே தோற்றோம். என் பெருமைக்கு இரண்டும் காரணமில்லை. மாலைக்குள் நான்கு மேசைகளுக்கு என் டப்பாவிலிருந்து வளையங்கள் இரவலாகப் போயிருந்தன. கேட்டவர்களில் ஒருவர், தமக்கும் அந்தப் புள்ளிப் புத்தகத்தில் எண்கள் தெரிந்ததில்லை என்று நண்பரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் பேருந்தில் பாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். செங்கிப்பட்டி தாண்டியதும், "கள்ளாட்டம்னு சொல்லிட்டேனே மாப்ள" என்றார்.

"சொன்னீங்க."

"நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாம்ல? நானாவது ஏன்னு கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன் பாய்."

"அந்தப் பச்சை விரிப்பை நாளைக்கே தூக்கிப் போட்டுடுறேன்."

"அது இருக்கட்டும். எனக்கு அது பச்சைன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். நல்லாத்தான் இருக்கு."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

போன மாதம் அடுத்த போட்டிக்கான படிவம் வந்தது. குறிகள் குறித்து ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: நிறத்தை மட்டும் நம்பாமல், வடிவத்தாலும் வேறுபடுத்தக்கூடிய குறிகளையே கொண்டுவர வேண்டும். நான் அதை இரண்டு முறை வாசித்தேன். என் எந்த அறிக்கையிலிருந்தும் ஒரு வரி இவ்வளவு விரைவாக விதியானதில்லை.

நகலகத்தில் அச்செடுத்து மூவரும் நிரப்பினோம். "சிறப்புத் தேவை ஏதேனும் உண்டா?" என்ற கட்டத்துக்கு வந்ததும் நண்பர் பேனாவை நிறுத்தினார். நான் எதுவும் சொல்லவில்லை, அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன். அவர் படிவத்தின் மேற்பகுதிக்குப் போய் அந்தப் புதிய வரியை ஒரு முறை படித்தார். பிறகு அந்தக் கட்டத்துக்குத் திரும்பி, கோடு இழுக்காமல், "இல்லை" என்று முழுச் சொல்லாக எழுதிக் கையெழுத்திட்டார்.

"எத்தனை படிவம் மாப்ள?" என்று பாய் கேட்டார்.

அவர் தாள்களை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு."